காக்காவை தாத்தான்னு சொன்ன பையன்: ஸ்பீச் தெரபி, ஸ்பெஷல் எஜுகேஷன், சோஷியல் டீச்சிங் படிக்கப் போறவங்களுக்கு

முதல் நாள் கிளினிக் போஸ்டிங்ல எனக்கு குடுத்த கேஸ் ஒரு நாலு வயசு பையன். ஜன்னலுக்கு வெளிய ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு, அதைக் காட்டி "தாத்தா, தாத்தா"ன்னு குதிக்கிறான். நானும் பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி நோட்ல "பறவைகளின் பெயர் தெரியவில்லை, உறவினரோடு குழப்பிக்கொள்கிறான்"னு எழுதி சூப்பர்வைசர் மேடம்கிட்ட நீட்டுனேன். அவங்க சிவப்பு பேனாவால அந்த வரியை அப்படியே அடிச்சிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "இதுல நீ காதால கேட்டது எது, நீயா நெனச்சுக்கிட்டது எது?" அப்புறம் அவங்களே போய் அவன் பக்கத்துல உக்காந்து கையைக் காட்டி இது என்னடான்னு கேட்டா "தை"ங்கிறான், கண்ணைத் தொட்டா "தண்"ங்கிறான். அவனுக்கு காக்கா நல்லாவே தெரியும், க வர்ற இடத்துல எல்லாம் த வருது, அவ்வளவுதான். நாக்கோட பின்பக்கம் எழும்பி மேல அண்ணத்தைத் தொடறதுக்கு பதிலா நுனி போய் முன்னாடி தொடுது. இதுக்கு ஃப்ரன்டிங்னு பேரு. முந்தின செமஸ்டர்லதான் இதைப் பத்தி பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கிட்டு வந்திருந்தேன், நேர்ல வந்தப்போ காதுல விழல.

இந்த மூணு படிப்புல எதுல சேர்ந்தாலும் கடைசில கத்துக்க வேண்டியது அந்த சிவப்பு பேனா கேள்விதான்னு நான் நினைக்கிறேன். அதனால எப்படி தேர்வு பண்றது, சேர்ந்தா எப்படி படிக்கிறதுன்னு எனக்கு தெரிஞ்சதை எழுதறேன்.

முதல்ல பேர் குழப்பம். ஒரே வேலைக்கு ஆஸ்திரேலியால ஸ்பீச் பெத்தாலஜிஸ்ட், அமெரிக்கால ஸ்பீச் லாங்வேஜ் பெத்தாலஜிஸ்ட், இங்கிலாந்துல ஸ்பீச் அண்ட் லாங்வேஜ் தெரபிஸ்ட்னு பேரு, காலேஜ் தேடும்போது மூணையும் போட்டுத் தேடுங்க. இதை குழந்தைக்கு ல, ள, ழ சொல்லிக்குடுக்கிற வேலைன்னு நெனச்சு வந்தவங்க நிறைய பேர், ரெண்டாவது வருஷம் பக்கவாதம் வந்த பெரியவர் தண்ணி குடிக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள்ள போகுதான்னு பாக்கச் சொல்லும்போது முழிப்பாங்க. விழுங்கறதும் இந்த வேலைதான். பேச்சுக்கும் விழுங்கறதுக்கும் ஒரே நாக்கு, ஒரே தொண்டை. சாப்பாட்டையும் பானத்தையும் எவ்வளவு கெட்டியா குடுக்கணும்னு 0ல இருந்து 7 வரைக்கும் போற ஒரு சர்வதேச அளவுகோல் இருக்கு, அதையும் படிக்கணும். குரல் கட்டிப்போன பாட்டுக்காரங்க, திக்குறவங்க, பிளவு அண்ணத்துக்கு ஆபரேஷன் ஆன குழந்தை, வார்த்தை மறந்துபோன தாத்தா பாட்டின்னு எல்லாரும் வருவாங்க. ஆஸ்பத்திரி வாசமே ஆகாதுன்னா இதை முன்னாடியே யோசிச்சுக்கோங்க.

ஸ்பெஷல் எஜுகேஷன் வேற மாதிரி, அங்க நீங்க டீச்சர். அறிவுசார் குறைபாடு, காது கேளாமை, பார்வைக் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடுன்னு பல நாடுகள்ல ஏதாவது ஒரு பிரிவை எடுத்து படிக்கணும். அந்த பிரிவை சீட் கிடைச்சதேன்னு எடுத்துறாதீங்க, பிரெயிலும் சைகை மொழியும் ஒரே செமஸ்டர்ல கையில வந்துடற சமாச்சாரம் இல்ல. சோஷியல் டீச்சிங்னா வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளாதாரம் நாலையும் சேர்த்து நடத்தறது. இதை ஏன் அந்த ரெண்டோட சேர்த்து எழுதறேன்னா, பேச்சுலயும் மொழியிலயும் தடுமாறுற புள்ளைங்க ஸ்கூல்ல மாட்டிக்கிட்டு முழிக்கிற பாடம் பெரும்பாலும் சோஷியல்தான், கணக்குல பாதி நம்பராவே இருக்கும், இதுல முழுக்க முழுக்க வார்த்தை. அதைப் பத்தி கீழ வர்றேன்.

எதுல சேர்றதுன்னு தெரியலன்னா ஒரு சின்ன வேலை பண்ணிப் பாருங்க. சொந்தக்கார குழந்தை ஒண்ணோட அம்மா அப்பாகிட்ட கேட்டுட்டு, அதோட அஞ்சு நிமிஷம் விளையாடிக்கிட்டே பேசுறதை ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறம் உக்காந்து ஒரு வார்த்தை விடாம, குழந்தை சொன்ன மாதிரியே, திருத்தாம எழுதுங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். எழுதும்போது "அட இவ ர சொல்ற இடத்துல எல்லாம் ய சொல்றாளே"ன்னு திரும்பத் திரும்ப ரீவைண்ட் பண்ணிக் கேட்டீங்கன்னா நீங்க ஸ்பீச் ஆளு. "அந்த பொம்மையை கிட்ட வெச்சிருந்தா இன்னும் நல்லா விளையாடியிருப்பா, டிவியை ஆஃப் பண்ணியிருக்கணும்"னு தோணுச்சுன்னா ஸ்பெஷல் எஜுகேஷன் பக்கம் போலாம். குழந்தை "ஏன் அவங்க மட்டும் அங்க இருக்காங்க"ன்னு கேட்டதுல மனசு நின்னுடுச்சுன்னா சோஷியல். மூணுமே தோணாம கொட்டாவி வந்துச்சுன்னா அதுவும் ஒரு பதில்தான், ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சது நல்லது.

அடுத்து அங்கீகாரம். இது போரான விஷயம், ஆனா இங்க தப்பு பண்ணா நாலு வருஷம் போச்சு. இந்த வேலைகளை செய்ய பல நாடுகள்ல பட்டம் மட்டும் போதாது, பதிவும் வேணும். இந்தியால 1992ல வந்த ஆர்சிஐ சட்டப்படி ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பெஷல் டீச்சர் ரெண்டு பேரும் ரிஹாபிலிடேஷன் கவுன்சில்ல பதிவு பண்ணணும், ஸ்பீச்ல இளங்கலைக்கு கடைசி வருஷம் இன்டர்ன்ஷிப்போட மொத்தம் நாலு வருஷம். இங்கிலாந்துல எச்சிபிசிங்கிற பதிவு அமைப்புல பதிவு இல்லாம அந்த பேரையே போட்டுக்க முடியாது. அமெரிக்கால முதுகலை முடிக்கணும், அங்க ஆஷாங்கிற ஸ்பீச் தொழில் சங்கத்தோட சர்டிஃபிகேட்டுக்கு மேற்பார்வையோட 400 மணி நேரம் கிளினிக் வேணும், அதுல 25 மணி நேரம் பாக்கறதுக்கு, மிச்ச 375 நீங்களே செய்யறதுக்கு. அதனால வேற நாட்டுக்குப் போற எண்ணம் இருந்தா நீங்க பண்ற ஒவ்வொரு மணி நேரத்தையும் முதல் நாள்ல இருந்தே தேதி, வயசு, என்ன பிரச்சனை, யாரு மேற்பார்வைன்னு எழுதி கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க, பின்னாடி தேடிப் போனா கையெழுத்து போட்டவங்க ரிட்டயர் ஆகியிருப்பாங்க.

காலேஜுக்கு நேர்ல போனா பில்டிங்கைப் பாக்காதீங்க. எந்த வருஷம் கிளினிக் ஆரம்பிக்கும், ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை ஸ்டூடண்ட், அவங்க கிளினிக் அறையோட ஒருவழிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து நிஜமாவே பாப்பாங்களா இல்ல ரெக்கார்ட்ல கையெழுத்து மட்டுமா, இதைக் கேளுங்க. பதிலை ஆபீஸ்ல கேக்காதீங்க, மூணாவது வருஷம் படிக்கிற அக்கா அண்ணன்கிட்ட கேளுங்க.

சரி, சேர்ந்தாச்சு. ஸ்பீச்ல முதல் வருஷம் உடற்கூறியலும் ஒலியியலும்தான் ஆளைக் கவுத்தும். தொண்டை தசை பேரெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு ராத்திரியே மறந்துடும், அதுக்கு எனக்கு உதவுனது கண்ணாடியும் கையும்தான். தொண்டைல விரல் வெச்சு "ஸ்ஸ்ஸ்" சொல்லுங்க, அதிராது, "ம்ம்ம்" சொல்லுங்க, அதிரும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு "ம்" சொல்லிப் பாருங்க, அடைச்சுக்கும், அப்போ காத்து எந்த வழியா வருதுன்னு இனிமே ஜென்மத்துக்கும் மறக்காது.

தமிழ் மீடியத்துல இருந்து வர்றவங்களுக்கு ஒரு பொறி இருக்கு, கவனமா கேளுங்க. நம்ம எழுத்துல க ஒண்ணுதான், ஆனா "கல்"லுல ஒரு சத்தம், "தங்கம்"ல ஒரு சத்தம், "பகல்"ல இன்னொரு சத்தம். "பல்"லுக்கும் "பஸ்"ஸுக்கும் அதே ப தான் போடறோம், வாயில வர்றது வேற வேற. அதனால குழந்தை சொன்னதை தமிழ் எழுத்துல குறிச்சு வெச்சீங்கன்னா எந்த சத்தம் மாறுச்சுன்னு வீட்டுக்கு வந்து பாக்கும்போது தெரியாது. ஒலியை எழுத 1886ல ஆரம்பிச்ச சர்வதேச ஒலியியல் சங்கத்தோட குறியீடு இருக்கு, ஐபிஏன்னு சொல்லுவாங்க, அதை பரீட்சைக்காக இல்லாம தினமும் பத்து வார்த்தை எழுதிப் பழகுங்க. வீட்டுல பேசிக்கிறதை, பஸ்ல காதுல விழறதை எழுதுங்க. மூணு மாசத்துல கை தானா போகும்.

இதே மாதிரி இன்னொண்ணு. குழந்தையோட பேச்சு எவ்வளவு வளர்ந்திருக்குன்னு பாக்க, அது ஒரு தடவை பேசறதுல சராசரியா எத்தனை சொற்கூறு, அதாவது அர்த்தம் உள்ள சின்ன துண்டு, வருதுன்னு எண்ணுவாங்க. ரோஜர் பிரவுன்ங்கிற அமெரிக்க உளவியலாளர் 1973ல எழுதுனது, எல்லா சிலபஸ்லயும் இருக்கும். ஆனா அவர் பாத்தது இங்கிலீஷ் பேசுற குழந்தைங்களை. நம்ம குழந்தை "போகமாட்டேன்"னு சொன்னா அது ஒரே வார்த்தை, அதையே இங்கிலீஷ்ல சொல்ல மூணு வார்த்தை வேணும். வார்த்தையை மட்டும் எண்ணி அந்த அட்டவணையோட வெச்சுப் பாத்தீங்கன்னா நல்லா பேசற குழந்தைக்கும் பின்தங்குனதுன்னு எழுதிடுவீங்க. டெஸ்ட் எந்த மொழிக்கு, எந்த குழந்தைங்களை வெச்சு செஞ்சதுன்னு எப்பவும் முதல் பக்கத்தைப் பாருங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி காது. பேச்சு வரலன்னு யார் வந்தாலும் முதல்ல கேள்வித்திறன் பாத்தாச்சான்னு கேக்கணும். "கூப்பிட்டா திரும்பறானே, காது நல்லாத்தான் கேக்குது"ன்னு அம்மா சொல்லுவாங்க, அது பொய் இல்ல, ஆனா உயிர் எழுத்து சத்தமெல்லாம் கனமானது, ஸ மாதிரி சத்தம் மெல்லிசா உயர்ந்த அதிர்வெண்ல இருக்கும், அந்தப் பக்கம் மட்டும் கேக்கலன்னா கூப்பிட்டா திரும்புவான், ஆனா ஸ அவனுக்கு இந்த உலகத்துலயே கிடையாது, கேக்காததை எப்படி சொல்லுவான். எவ்வளவு காது கேக்குதுன்னு காட்டுற ஆடியோகிராம் படத்தைப் படிக்கிறதுல முதல்ல எல்லாரும் தடுமாறுவாங்க, ஏன்னா அந்த படம் தலைகீழ், மேல இருந்தா மெல்லிய சத்தம் கேக்குதுன்னு அர்த்தம், கீழ இறங்க இறங்க குறை அதிகம். வலது காதுக்கு சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீல எக்ஸ்.

ஸ்பெஷல் எஜுகேஷன் படிக்கிறவங்களுக்கு மண்டை காயுற இடம் இலக்கு எழுதறது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனியா ஒரு கல்வித் திட்டம் எழுதணும், ஐஇபின்னு சொல்லுவாங்க. புதுசா வர்றவங்க "ரவியின் கவனம் மேம்படும்"னு எழுதுவாங்க. மேம்பட்டுச்சான்னு யாரு சொல்றது, எதை வெச்சு சொல்றது? "மூணு படம் போட்ட தாளைக் குடுத்தா, ஒரு தடவை ஞாபகப்படுத்தினா போதும், பத்துல எட்டு தடவை முடிச்சுக் குடுப்பான்"னு எழுதுனா நாளைக்கு நீங்க லீவு போட்டாலும் இன்னொரு டீச்சர் வந்து எண்ண முடியும். அதுக்கு முன்னாடி இன்னைக்கு அவன் பத்துல எத்தனை செய்யறான்னு எண்ணி வெச்சிருக்கணும், அதுதான் பேஸ்லைன், அது இல்லாத ஐஇபி வெறும் பேப்பர்.

ஒரு வேலையை உடைக்கவும் பழகுங்க. டிஷர்ட் போடறதுன்னு ஒரே வரியா எழுதறோம், நிஜத்துல எடுக்கணும், முன்பக்கம் பாக்கணும், தலை விடணும், ஒரு கை, இன்னொரு கை, கீழ இழுக்கணும். பல குழந்தைங்களுக்கு கடைசி படில இருந்து ஆரம்பிக்கிறது நல்லா வேலை செய்யும், எல்லாத்தையும் நீங்க போட்டு விட்டுட்டு கடைசில கீழ இழுக்கறதை மட்டும் அவன் செய்வான், முடிச்சது அவன்தானே, அந்த சந்தோஷம் அவனுக்குத்தான். அப்புறம் ஒவ்வொரு படியா பின்னாடி நகர்ந்து வரலாம். அடிக்கிறான், கத்துறான்னா அதையும் அப்படியே எழுதாதீங்க, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அவன் என்ன செஞ்சான், அதுக்கு அப்புறம் என்ன கிடைச்சுதுன்னு மூணு கட்டம் போட்டு ஒரு வாரம் எழுதுங்க. பல சமயம் நோட்டை எடுக்கச் சொன்ன உடனேதான் கத்தறான், கத்துனா வெளிய அனுப்பறாங்க, அவனுக்கு வேண்டியது வெளிய போறதுதான்னு தாளே சொல்லிடும்.

காது கேக்காத குழந்தைங்களோட வேலை செய்யப் போறவங்க ஒரு பழைய கதையை தெரிஞ்சு வெச்சுக்கணும். 1880ல இத்தாலியோட மிலன் நகரத்துல கூடுன கல்வியாளர்கள் மாநாடு, ஸ்கூல்ல சைகை மொழியை விட்டுட்டு வாயால பேசத்தான் கத்துக்குடுக்கணும்னு தீர்மானம் போட்டுச்சு. ஓட்டு போட்டவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே காது கேக்கறவங்க. அதுக்கப்புறம் தலைமுறை தலைமுறையா புள்ளைங்க கையை கட்டிக்கிட்டு உக்காந்தாங்க. 1960ல வில்லியம் ஸ்டோக்கிங்கிற மொழி ஆராய்ச்சியாளர் அமெரிக்க சைகை மொழிக்கும் மத்த மொழி மாதிரியே உள்கட்டமைப்பு இருக்குன்னு எழுதிக் காட்டுனாரு, அந்த மிலன் தீர்மானத்தை முறைப்படி நிராகரிச்சது 2010ல, வான்கூவர் மாநாட்டுல. நூத்தி முப்பது வருஷம். உங்க சூப்பர்வைசர் ரொம்ப உறுதியா ஒண்ணு சொல்லும்போது இந்த கணக்கு ஞாபகம் இருக்கட்டும்.

இப்போ சோஷியல். டீச்சிங் பிராக்டிஸ்ல பாடத்தை நல்லா படிச்சுட்டுப் போய் நாப்பது நிமிஷம் நிக்காம பேசிட்டு வருவாங்க, பசங்களும் தலையாட்டுவாங்க, கேள்வி கேட்டா அமைதி. நம்ம மொழில இதுக்கு ஒரு தனி காரணமும் இருக்கு. வீட்டுல "ராஜா வந்தாரு, சண்டை போட்டாரு"ன்னு கேட்டு வளர்ந்த புள்ளைக்கு புத்தகத்துல "படையெடுத்து வந்தனர், இருப்பினும் தோல்வியுற்றனர்"னு இருக்கு. நல்லா பேசற புள்ளையே அதை ஒரு தடவை மனசுக்குள்ள மொழிபெயர்த்துக்கிட்டுதான் போகுது, மொழில சிரமப்படற புள்ளைக்கு அது வேற மொழி மாதிரிதான். அதனால லெசன் பிளான் எழுதும்போது முதல் வேலையா பாடத்துல இருக்கிற "ஆகையால், இருப்பினும், அதன் விளைவாக" இந்த மாதிரி வார்த்தையை எல்லாம் பென்சில்ல வட்டம் போடுங்க. "ஜனநாயகம்" தெரியாம போச்சுன்னா ஒரு வார்த்தை போச்சு, "இருப்பினும்" புரியலன்னா அந்த பத்தியே தலைகீழா புரியும்.

காலத்தைக் கயித்துல காட்டுங்க. நீளமா ஒரு கயிறு கட்டி, ஒரு முனைல புள்ளைங்க பொறந்த வருஷம், கொஞ்சம் தள்ளி அவங்க பாட்டி பொறந்த வருஷம், அதுல இருந்து நடந்து போய் பாடத்துல வர்ற வருஷத்துக்கு நிக்கச் சொல்லுங்க, அறை பத்தாம வெளிய போய் நின்னாதான் "ரொம்ப முன்னாடி"ங்கிறது உடம்புக்குத் தெரியும். மேப்பும் அப்படித்தான், முதல்ல வகுப்பறையையே மேலிருந்து பாத்த மாதிரி வரையச் சொல்லிட்டு அப்புறம் கண்டத்துக்குப் போங்க. தேர்தல் பாடத்துக்கு நிஜமாவே வகுப்புல ஓட்டு போட வைங்க, பேச்சு வராத புள்ளையும் ஓட்டு போடும்.

இந்த இடத்துலதான் மூணு படிப்பும் ஒண்ணா வருது. நான் பாத்த ஒரு ஸ்கூல்ல சோஷியல் டீச்சர் அடுத்த வாரப் பாடத்தோட எட்டு வார்த்தையை வெள்ளிக்கிழமையே ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட குடுத்துடுவாங்க, அவங்க அதே வார்த்தையை வெச்சு தெரபில விளையாடுவாங்க, ஸ்பெஷல் டீச்சர் படம் ஒட்டுன தாள் தயார் பண்ணுவாங்க. திங்கக்கிழமை அந்த பையன் வகுப்புல முதல் ஆளா கையைத் தூக்குனான். இதுக்கு பெரிய பட்ஜெட் எல்லாம் வேண்டாம், மூணு பேரும் ஒருத்தர் நோட்டை ஒருத்தர் படிக்கணும், அவ்வளவுதான். படிக்கும்போதே பக்கத்து டிபார்ட்மெண்ட்ல ஒரு ஃப்ரெண்ட் பிடிச்சு வெச்சுக்கோங்க.

கிளினிக் பத்தி கொஞ்சம். முதல் செஷன் கண்டிப்பா சொதப்பும், நீங்க ஒரு மணி நேரத்துக்கு பிளான் பண்ணதை குழந்தை ஏழு நிமிஷத்துல முடிச்சிட்டு கதவைத் தட்டும், பையில எப்பவும் ரெண்டு வேலை கூடுதலா இருக்கட்டும், சோப்பு குமிழி ஊதறது இன்னைக்கு வரைக்கும் என்னைக் காப்பாத்துது. பெத்தவங்க "எப்போ சரியாகும்"னு கேப்பாங்க, ஆறு மாசம்னு வாய்க்கு வந்ததை சொல்லிடாதீங்க, அடுத்த மாசம் எதைப் பாக்கப் போறோம்னு மட்டும் சொல்லுங்க. திக்குற குழந்தைகிட்ட "மெதுவா பேசு, மூச்சு விட்டுப் பேசு"ன்னு சொல்ற பழக்கம் வீட்டுல எல்லாருக்கும் இருக்கும், அதை நிறுத்தச் சொல்லி, குழந்தை முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, நாம மெதுவா பேசணும்னு சொல்லுங்க. குழந்தை போட்டோவை ஸ்டேட்டஸ்ல வெக்காதீங்க, முகத்தை மறைச்சாலும் வேண்டாம்.

நோட்ல நடுவுல ஒரு கோடு போட்டுக்கோங்க. இடது பக்கம் கண்ணால பாத்தது, காதால கேட்டது, வலது பக்கம் நீங்க நினைக்கிறது. வலது பக்கம் தப்பாப் போனாலும் இடது பக்கம் இருந்தா அடுத்தவங்க சரி பண்ணிடுவாங்க. அந்த கோடு என் நோட்ல வந்தது காக்கா நாளுக்கு மறுநாள்தான்.

அந்த பையனை என்கிட்டயே விட்டாங்க. மல்லாக்க படுக்க வெச்சு, நாக்கு தானா பின்னாடி சரியும்போது வாய் கொப்பளிக்கிற மாதிரி சத்தம் போட வெச்சு, கண்ணாடில நாக்கு நுனியைக் கீழ அழுத்தி, ஒரு நாள் "அக்", அப்புறம் "கா", அப்புறம் "காக்கா" வந்துச்சு. அவன் அம்மாவுக்கு கண்ணுல தண்ணி. அடுத்த வாரம் அவனைக் கூட்டிட்டு வந்தது தாத்தா, அவரைக் காட்டி யாருடா இதுன்னு கேட்டேன். பெருமையா, நெஞ்சை நிமித்தி, "காக்கா"ங்கிறான். இடது பக்கத்துல எழுதிக்கிட்டேன்.